மரபணு எழுதிய தற்காலிகக் கைகள்

மரபணுவைப் படியெடுப்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றும் வேறு வேறு வேலைகள். இலங்கையில் மாத்தளைக்கு அருகே உள்ள இரத்தோட்டையில் மிளகு வைத்திருப்பவர் நன்றாகக் காய்க்கும் கொடியில் கணுவோடு துண்டு வெட்டுகிறார். மண்ணும் எருவும் கலந்த பொலித்தீன் பையில் அதை நட்டு, வேர் பிடித்ததும் கிளிரிசிடியா மரத்தடியில் இறக்குகிறார். தாய்க்கொடியின் மரபணுத்தொகுதி ஓர் எழுத்தும் பிசகாமல் அந்தத் துண்டோடு வந்துவிடுகிறது. இது படியெடுத்தல்; உழவர் மிகப் பழங்காலத்திலிருந்தே செய்துவருவது. வாசித்தல் நேற்றைய வேலை. மனித மரபணுத்தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளை வாசிக்கும் பன்னாட்டுத் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அப்போது விடுபட்டுப்போன சுமார் 8 சதவீதத்தை வாசித்து முடிக்க 2022 ஆயிற்று. மூன்றாவது வேலையில் முன்மாதிரியாக உயிர் எதுவும் கையில் இருக்கத் தேவையில்லை. சர்க்கரையும் பொசுபேற்றும் மூலமும் சேர்ந்த எழுத்துகளைப் போத்தலிலிருந்து எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக இரசாயன முறையில் கோத்து டி.என்.ஏ. இழையைக் கட்டுகிறார்கள். அந்த இழை உயிருள்ள கலத்துக்குள் வேலை செய்யவும் வேண்டும். செயற்கை மரபணுத்தொகுதியியல் என்று இதற்குப் பெயர். மனிதக் கலத்தை நோக்கி அது நகர்ந்திருக்கும் இன்றைய நிலைதான் செயற்கை மனித மரபணுத்தொகுதியியல்.

இந்தத் துறையின் கைவேலையில் பெரும்பங்கைத் தொடக்கத்திலிருந்தே செய்துவந்தவர் பின்கலாநிதி ஆய்வாளர். ஆய்வுகூடத்தில் எல்லோரும் ‘போஸ்ட்டொக்’ என்று சொல்வது இவரைத்தான். கலாநிதிப் பட்டம் வாங்கிவிட்டதால் மாணவர் இல்லை. நிரந்தரப் பதவி கிடைக்காததால் பேராசிரியரும் இல்லை. இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வேறொருவருடைய ஆய்வுகூடத்தில், வேறொருவர் வாங்கிய பணத்தில், ஒரு குறிப்பிட்ட கேள்விக்காக அமர்த்தப்பட்டவர். விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒப்பந்தம் முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பதவியின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1876இல் பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது இளம் அறிஞருக்கென இருபது உதவித்தொகைகளை வைத்தது. அவற்றைப் பெற்றவர்களில் சிலர் ஏற்கெனவே கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். 1919இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் பட்டத்துக்குப் பிந்திய உதவித்தொகைகளைத் தொடங்கியது. பதவி ஒழுங்கான வடிவம் பெற்றது அதன் பிறகுதான்.

பெயர் வராத காலத்திலேயே அந்த மாதிரியான வேலை இலங்கை மலையகத்தில் ஒரு தடவை நடந்திருக்கிறது. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் மாத்தளை தொடங்கி ஊவா வரை தோட்டங்கள் ஆட்டம் கண்டன. நோயை ஆராய, 1854இல் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்து முடித்திருந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் குறுகிய கால ஒப்பந்தத்தில் வரவழைத்தது. 1880 முதல் 1882 வரை பேராதனையைத் தளமாகக் கொண்டு அவர் வேலை செய்தார். பசைபூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்துக் காற்றில் வைத்து, அதில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியில் எண்ணினார். நோயைப் பரப்புவது காற்றில் வரும் பங்கசு வித்திகள்தான் என்று நிறுவினார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதே பங்கசுக்கு விருந்து வைத்ததுபோல் ஆயிற்று என்றும் எழுதினார். துரைமார் எதிர்பார்த்தது மருந்து, வந்தது அறிக்கை. ஒப்பந்தம் முடிந்ததும் வார்ட் மான்செஸ்டருக்குப் போனார், பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். கோப்பி அழிந்தது, அந்த மலைகளில் தேயிலையும் கொக்கோவும் ஏலமும் வந்தன. படித்து முடித்த இளைஞர், ஒரே கேள்வி, சில ஆண்டுத் தவணை, பயனாளிக்குப் பிடிக்காத நல்ல விடை: போஸ்ட்டொக் வாழ்க்கையின் முக்கிய உறுப்புகள் யாவும் இதில் இருக்கின்றன.

மரபணுவை எழுதும் கதை கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டொட்டின் ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது. 1955இல் அங்கே மைக்கல்சனும் டொட்டும் இரண்டு தைமின் எழுத்துகளை இயற்கையில் உள்ள அதே பிணைப்பில் இணைத்தார்கள். இரண்டே எழுத்து! ஆனாலும் வழி திறந்துவிட்டது. அதே ஆய்வுகூடத்தில் 1950 முதல் 1952 வரை உதவித்தொகையில் இருந்துவிட்டுப் போனவர் ஹர் கோவிந்த் கொரானா.

கொரானா 1922இல் பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தார். அது இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. சுமார் நூறு பேர் வாழ்ந்த ஊர். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவருடையது ஒன்றுதான். தகப்பன் வரிக்கணக்கு எழுதும் கிராமக் கணக்கர். லாகூரில் படித்து, இந்திய அரசின் உதவித்தொகையில் லிவர்பூல் போய், 1948இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்து சூரிச்சில் விளாடிமிர் பிரெலொக்கிடம் போஸ்ட்டொக். அங்கே அவருக்குச் சம்பளம் கிடையாது. சேமிப்பைத் தின்று ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைய ஓட்டினார். நூலகத்தில் பழைய ஜேர்மன் சஞ்சிகைகளைப் புரட்டியபோது கார்போடைஇமைட் என்ற சேர்வைகளைப் பற்றிப் படித்தார். எழுத்தோடு எழுத்தை ஒட்ட அவர் பிற்காலத்தில் நம்பியிருந்த பொருள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சம்பளமில்லாத ஒரு வருடத்தின் வாசிப்பு எந்த ஆய்வுத் திட்டத்தின் கணக்கிலும் ஏறாது. இந்தத் துறையில் அதைவிட மலிவாக வாங்கிய மூலதனம் இல்லை என்றே சொல்லலாம். 1949இல் இந்தியா திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. மறுபடியும் கப்பல் ஏறித்தான் டொட்டிடம் வந்தார்.

1952இல் கனடாவின் வான்கூவரில் கொரானாவுக்குச் சொந்த ஆய்வுகூடம் அமைந்தது. நேற்றுவரை போஸ்ட்டொக்காக இருந்தவர் இப்போது போஸ்ட்டொக்குகளை அமர்த்தத் தொடங்கினார். 1956இல் வந்தவர்களில் ஒருவர் மான்செஸ்டரில் பட்டம் பெற்ற மைக்கல் ஸ்மித். 1960இல் ஆய்வுகூடம் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 1962இல் காத்மண்டுவில் பிறந்த உத்தம் ராஜ்பண்டாரி வந்து சேர்ந்தார். ஜப்பானிலிருந்து எய்கோ ஓத்சுகா, நோர்வேயிலிருந்து கியெல் கிளெப்பே, இத்தாலியிலிருந்து வித்தோரியோ ஸ்கரமெல்லா, இந்தியாவிலிருந்து அகர்வால், குப்தா, குமார் என்று கூட்டம் கூடியது.

இவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எழுத்தாகிய ஒரு நியூக்கிளியோரைட்டில் வினைபுரியக்கூடிய இடங்கள் பல. சும்மா விட்டால் எது எதோடும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒட்ட வேண்டிய ஒரே இடத்தை விட்டு மற்ற இடங்களுக்கு இரசாயன மூடி போட வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு மூடியை மட்டும் கழற்றி அடுத்த எழுத்தைச் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்ட மூடிகளில் ஒன்றான டைமெதொக்சிட்ரைட்டிலை 1962இல் கொரானா குழு அறிமுகப்படுத்தியது. அமிலத்துளி பட்டதும் அது கழன்று, நிறமற்ற கரைசல் பளிச்சென்று செம்மஞ்சளாகிறது. அந்த நிறம்தான் மூடி கழன்றதற்கு அடையாளம். இன்றும் கருவிகள் அதே நிறத்தின் செறிவை அளந்துதான் எத்தனை இழைகளில் எழுத்து ஏறியது என்று கணக்கிடுகின்றன. அன்றைக்குக் கருவி இல்லை. ஒவ்வொரு ஒட்டலுக்குப் பிறகும் கலவையைச் செலுலோசு நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வடித்து, நூற்றுக்கணக்கான சோதனைக்குழாய்களில் பிடித்து, வேண்டியது எந்தக் குழாயில் இறங்கியது என்று தேட வேண்டும். எட்டுப் பத்து எழுத்து நீளமுள்ள துண்டு ஒருவருடைய பல மாத உழைப்பு.

அந்த உழைப்பின் முதல் பெரிய அறுவடை மரபுக்குறியீடு. மூன்றெழுத்துச் சொற்கள் மொத்தம் 64. அத்தனையையும் கொரானா குழு செய்து, எந்தச் சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்று காட்ட உதவியது. 1968இல் நிரென்பர்க், ஹொலி ஆகியோரோடு கொரானாவுக்கு நோபல் பரிசு. 1970இல் மதுவத்தின் அலனின் இடமாற்று ஆர்.என்.ஏ.வுக்குரிய மரபணு, 77 எழுத்துச் சோடிகளும் சேர்த்து, முழுமையாகச் செய்து முடிக்கப்பட்டது. நேரே 77 எழுத்துவரை கோக்க முடியாது என்பதால் சிறு துண்டுகளைத் தனித்தனியே செய்து, ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் எதிர் இழையில் பொருந்தும்படி அடுக்கி, 1967இல் கண்டறியப்பட்டிருந்த லிகேசு என்ற நொதியத்தால் ஒட்டினார்கள். துண்டு செய்வது இரசாயனம், ஒட்டுவது உயிரியல் என்ற இந்தப் பாகப்பிரிவினை இன்றுவரை மாறவில்லை. செயற்கை மரபணு ஒன்று கலத்துக்குள் வேலை செய்கிறது என்று காட்ட 1976 ஆயிற்று. அதற்குள் ஆய்வுகூடம் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக்கு மாறி, 1970இன் கட்டுரையில் பெயர் போட்டவர்களில் பலர் கலைந்துவிட்டார்கள்.

கலைந்தவர்களின் கதையில்தான் இந்தத் தொழிலின் இயல்பு தெரிகிறது. கிளெப்பே 1971இல் எழுதிய கட்டுரையின் இறுதிப் பகுதியில், இரு பக்கமும் சிறு தொடக்கிகளை வைத்து, டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு டி.என்.ஏ. துண்டைப் பெருக்கலாம் என்ற யோசனை இருந்தது. அவர் நோர்வேக்குத் திரும்பினார். யோசனை தாளிலேயே கிடந்தது. 1983இல் கலிபோர்னியாவில் கேரி முல்லிஸ் அதே வழியைத் தாமாகக் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கொவிட் காலத்தில் ஊர் ஊராக எல்லோர் வாயிலும் அடிபட்ட பி.சி.ஆர். அதுதான். 1993இல் முல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பங்கிட்டுக்கொண்டவர் வான்கூவரின் பழைய போஸ்ட்டொக் மைக்கல் ஸ்மித். செய்துவைத்த சிறு டி.என்.ஏ. துண்டைக் கொண்டு ஒரு மரபணுவில் விரும்பிய எழுத்தை மட்டும் மாற்றும் முறைக்காக அவருக்குப் பரிசு.

இதே ஆண்டுகளில் இலங்கையர் ஒருவர் மரபணுவின் எழுத்துகளை வேறொரு பாதையில் செய்துகொண்டிருந்தார். காலியில் 1923இல் பிறந்த சிரில் பொன்னம்பெரும, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்று, பிறகு இலண்டனில் இரசாயனம் படித்தவர். 1962இல் பேர்க்லியில் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம் முடித்தார். அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் உதவித்தொகையில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளராகப் போனார். கொரானாவிடம் ஒவ்வோர் எழுத்தும் மனிதக் கை கோத்தது. பொன்னம்பெருமவின் கேள்வி, உயிர் தோன்றுமுன் கையே இல்லாத காலத்தைப் பற்றியது. மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவையில் இலத்திரன் கதிரைப் பாய்ச்சினால் மரபணு எழுத்துகளின் மூலங்களில் ஒன்றான அடினைன் உண்டாகிறது என்று அவரும் கூட்டாளிகளும் 1963இல் காட்டினார்கள். அதே ஆண்டில் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோரோடு சேர்ந்து, அடினைன், ரைபோசு, பொசுபேற்று இருக்கும் கரைசலில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சி, கலத்தின் சக்திப் பொருளான ஏ.ரி.பி.யை உண்டாக்கினார். அவருடைய தற்காலிகப் பதவி ஓராண்டில் நிரந்தரமானது. அந்தக் காலத்துக்கு அது நடக்கக்கூடிய காரியம். 1984இல் அவர் கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தின் பணிப்பாளராக நாடு திரும்பினார். மாத்தளை வழியாகப் பேருந்து பிடித்தால் இரத்தோட்டையிலிருந்து அரை நாளில் போய்ச் சேரும் இடம்.

ஆனால் அந்தத் தூரத்தை இரத்தோட்டைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்குக் கிலோமீற்றரில் அளக்க முடியாது. போஸ்ட்டொக் தொழிலுக்கு முதல் கருவி கடவுச்சீட்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப்பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. நாடற்ற நிலையை முற்றாகத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது, மனித மரபணுத்தொகுதியின் வாசிப்பு முடிந்ததாக அறிவித்த அதே ஆண்டில். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன; அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். ராய்ப்பூரின் நூறு பேருக்குள் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு வீடும் அரசு உதவித்தொகை ஒன்றும் ஒரு கொரானாவைக் கப்பலேற்றிவிட்டன. நேபாளம், ஜப்பான், நோர்வே என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் விஸ்கொன்சினில் கூடிய அந்த ஆண்டுகளில், லயத்து அறையில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்திருந்தால் அதற்கு விண்ணப்பப் படிவத்தில் ‘நாடு’ என்ற இடத்தில் எழுத ஒன்றும் இருந்திராது. விஞ்ஞானம் எல்லைகளற்றது என்று சொல்பவர்கள் விசா அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

மனித மரபணு இந்தக் கதைக்குள் வந்தது 1970களின் பிற்பாதியில். வந்த வழி ஒரு குருபரம்பரை. கொரானாவிடம் விஸ்கொன்சினில் போஸ்ட்டொக்காக இருந்த சரண் நாரங், கனடாவின் ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிச் சபையில் சொந்தக் குழுவை அமைத்து, எழுத்து கோக்கும் இரசாயனத்தை வேகப்படுத்தினார். அவரிடம் போஸ்ட்டொக்காக இருந்தவர் ஜப்பானின் கெய்ச்சி இத்தாகுரா. இத்தாகுரா கலிபோர்னியாவின் சிட்டி ஒஃப் ஹோப் நிலையத்துக்குப் போய், 1977இல் சோமற்றோஸ்ரற்றின் என்ற 14 அமினோ அமில ஓமோனுக்கான மரபணுவைச் செய்தார். ஈ. கோலை பற்றீரியா அதைப் படித்து ஓமோனை உண்டாக்கியது. மனித உடலின் புரதப்பொருள் ஒன்றைச் செயற்கை மரபணுவின் கட்டளைப்படி ஒரு பற்றீரியா செய்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு அதே குழுவும் ஜெனென்டெக் நிறுவனமும் மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கும் மரபணு செய்தார்கள். 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதுவரை நீரிழிவுக்காரர் ஏற்றிக்கொண்ட இன்சுலின் மாடு, பன்றியின் சதையியிலிருந்து எடுத்தது. இன்று மாத்தளை மருத்துவமனை தொடங்கி எந்த மருந்தகக் குளிர்பெட்டியிலும் கிடக்கும் மனித இன்சுலின் குப்பி, செயற்கை மரபணு வீட்டுக்கு வந்த முதல் வடிவம்.

அடுத்த மாற்றம் கையிலிருந்து கருவிக்கு. சிக்காகோ அருகே நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் ரொபேட் லெட்சிங்கர் இழையின் ஒரு நுனியைத் திண்ம மணியில் கட்டிவைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். இழை மணியோடு நிற்கும். மிச்சத்தைக் கழுவி ஊற்றிவிடலாம். கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக வடித்த மாதங்கள் அத்தோடு போயின. கொரானாவின் இன்னொரு பழைய போஸ்ட்டொக் மார்வின் கருத்தர்ஸ் கொலராடோவில் பேராசிரியராகியிருந்தார். அவரிடம் போஸ்ட்டொக்காக வந்த சேர்ஜ் போக்காஜும் அவரும் 1981இல் பொசுபோரமிடைட் என்ற நிலையான எழுத்து வடிவத்தை வெளியிட்டார்கள். போத்தலில் அடைத்துவைக்கலாம், வேண்டியபோது எடுக்கலாம். பிறகு வந்த கருவிகள் எல்லாம் இதன்மேல் எழுந்தவை. கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வோர் எழுத்தும் 99 சதவீதம் ஒழுங்காக ஏறினாலும், நூறு எழுத்து முடிகிறபோது முழு நீளமுள்ள இழை சுமார் 37 சதவீதம்தான். இருநூறு எழுத்தில் 13 சதவீதமாகிவிடும். எனவே இன்றும் இருநூறு முந்நூறு எழுத்துக்குமேல் நேரே கோப்பது அரிது. அதற்குமேல் ஒட்டுவேலை. துண்டு செய்வது தபாலில் வரும் சரக்காகியதும் போஸ்ட்டொக்கின் வேலை அந்த ஒட்டும் இடத்துக்கு நகர்ந்தது.

2002இல் நியூ யோர்க் மாநிலத்தில் எக்கார்ட் விம்மரின் குழு, தருவித்த துண்டுகளைக் கொண்டு சுமார் 7,500 எழுத்துள்ள போலியோ வைரசைக் கட்டியது. அடுத்த ஆண்டு கிரெய்க் வென்ரரின் நிலையம் 5,386 எழுத்துள்ள ஒரு பற்றீரிய வைரசை இரண்டே வாரத்தில் கட்டியது. 2010இல் அதே நிலையம் சுமார் 10.8 இலட்சம் எழுத்துள்ள ஒரு மைக்கோபிளாஸ்மா மரபணுத்தொகுதியைக் கட்டி, வேறொரு பற்றீரியாக் கலத்துக்குள் மாற்றி உயிர்ப்பித்தது. ஏறத்தாழ 1,080 எழுத்துள்ள 1,078 துண்டுகளை மதுவக் கலத்துக்குள் விட்டு, மதுவமே அவற்றை ஒட்டும்படி செய்தார்கள். முதலில் உயிர் வரவில்லை. டி.என்.ஏ. இரட்டிப்பைத் தொடக்கிவைக்கும் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்ததைக் கண்டுபிடிக்க வாரக்கணக்காயிற்று. பத்து இலட்சத்தில் ஒன்று. அச்சுக்கூடத்தில் பிழை திருத்துபவருக்கு இந்த வேலையின் அவஸ்தையை விளக்கத் தேவையில்லை.

மதுவத்தின் பதினாறு நிறமூர்த்தங்களையும், சுமார் 1.2 கோடி எழுத்துகளையும், புதிதாக எழுதும் திட்டம் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் இருவர் கோப்பி குடித்துக்கொண்டே பேசிய பேச்சில் முளைத்தது. ஒருவர் ஜெஃப் போக்கே. மற்றவர் ஸ்ரீனிவாசன் சந்திரசேகரன். நோபல் பரிசாளர் ஹமில்டன் ஸ்மித்தின் ஆய்வுகூடத்தில் போஸ்ட்டொக்காக இருந்த சந்திரசேகரன், டி.என்.ஏ.யை வெட்டும் ஃபொக்-1 என்ற நொதியத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அதன் வெட்டும் பகுதியை, குறிப்பிட்ட எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் துத்தநாக விரல் புரதங்களோடு இணைத்து, 1996இல் நினைத்த இடத்தில் வெட்டும் கத்தரியைச் செய்தார். மனித மரபணுத் திருத்தத்துக்குக் கிரிஸ்பர் என்ற கத்தரிக்கு முன்னால் வந்த கருவி இது. 2014இல் மதுவத்தின் மூன்றாம் நிறமூர்த்தம் 2,72,871 எழுத்துகளில் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்தது. கட்டுரையின் முதற்பெயர் சந்திரசேகரனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த நாராயண அன்னலுருவுடையது. துண்டுகளில் பலவற்றைச் செய்தவர்கள் ‘மரபணுத்தொகுதி கட்டுவோம்’ என்ற பாடத்தை எடுத்த இளமாணி மாணவர்கள். போஸ்ட்டொக்கைவிட மலிவான கை அங்கே அகப்பட்டது. பதினாறாவது நிறமூர்த்தம் 2025 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் நிறைவேறியது.

கேம்பிரிட்ஜின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. மூன்றெழுத்துச் சொற்களைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் அங்கே இருந்த வெங்கி ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்தவர்; பௌதிகத்தில் கலாநிதியாகி, உயிரியலுக்குத் தாவி, யேலில் பீற்றர் மூரிடம் 1978 முதல் 1982 வரை போஸ்ட்டொக்காக ரைபோசோமைப் பிடித்துக்கொண்டவர். 2009இல் நோபல் பரிசு. அதே ஆய்வுகூடத்தில் ஜேசன் சின் குழு, ஒரே அமினோ அமிலத்துக்குப் பல சொற்கள் இருப்பது வீண்தானா என்று கேட்டது. ஈ. கோலையின் 40 இலட்சம் எழுத்துகளையும் புதிதாக எழுதி, 18,214 இடங்களில் சொல்லை மாற்றி, 64 சொற்களுக்குப் பதிலாக 61ஐ மட்டும் கொண்டு வாழும் பற்றீரியாவை 2019இல் காட்டியது. 2025இல் அது 57 ஆகக் குறைந்தது.

மனித மரபணுத்தொகுதியை எழுதும் பேச்சு 2016இல் பகிரங்கமானது. அந்த ஆண்டு மே மாதம் ஹார்வர்டில் சுமார் 150 பேர் செய்தியாளரை விலக்கிக் கூடினார்கள். கூட்டத்தின் மூடுமந்திரத்தை உயிரியல் பொறியியலாளர் ட்ரூ எண்டியும் அறவியலாளர் லோரி சொலோத்தும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஜூனில் போக்கே, ஜோர்ஜ் சேர்ச் முதலியோர் திட்டத்தை அச்சில் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பெரும்பணம் வரவில்லை. 2025 ஜூனில் பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளை ஒரு கோடி பவுணை ஒதுக்கியது. ஜேசன் சின் தலைமை. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், கென்ட், மான்செஸ்டர், இம்பீரியல் கல்லூரி ஆகியவை பங்காளிகள். மனிதரை உண்டாக்குவது நோக்கத்தில் இல்லை. மனித டி.என்.ஏ.யில் சுமார் 2 சதவீதமாக இருக்கும் ஒரு நிறமூர்த்தத்தை முழுதாக எழுதிக் கலத்துக்குள் வைத்துப் பார்க்க முடியுமா என்பதே கேள்வி. அறமும் சமூகமும் சார்ந்த கேள்விகளுக்குக் கென்ட் பல்கலைக்கழகத்தின் ஜோய் ஜாங் தனிக் குழு நடத்துகிறார். விஸ்கொன்சினின் காலத்தில் அப்படியொரு பதவியை யாரும் நினைத்ததில்லை.

இந்த அளவில் வேலைக்குச் சேரும் போஸ்ட்டொக்கின் நாள் கணினியில் தொடங்குகிறது. எழுத வேண்டிய வரிசையை வடிவமைத்து, துண்டுகளாகப் பிரித்து, செய்து கொடுக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்த துண்டுகளை மதுவத்திலோ பற்றீரியாவிலோ ஒட்ட வேண்டும். தட்டில் முளைத்த வெள்ளைப் பொட்டுகளைப் பல்குச்சியால் தொட்டெடுத்து வளர்த்து, வாசிக்கும் கருவியில் போட்டுப் பிழை பார்க்க வேண்டும். பிழையென்றால் ஒரு படி பின்னே. சரியென்றால் அடுத்த ஒட்டு. மனிதக் கலத்தில் மூன்று இடைஞ்சல்கள் புதிதாக நிற்கின்றன. முதலாவது திரும்பத் திரும்ப வரும் வரிசைகள்: நிறமூர்த்தத்தின் மையப்பாத்தில் 171 எழுத்துள்ள ஒரே தொடர் ஆயிரக்கணக்கான தடவை அடுக்கிக் கிடக்கிறது, ஒட்டும் கலம் அதில் வழி தவறிவிடும். அதே தொடரை வைத்துத்தான் 1997இல் அமெரிக்காவில் ஹண்டிங்டன் வில்லர்டின் குழு முதல் மனிதச் செயற்கை நிறமூர்த்தத்தை உண்டாக்கியது. அது மிகச் சிறியது. இரண்டாவது நீளம்: கோடிக்கணக்கான எழுத்துள்ள இழை குழாய்முனையில் உறிஞ்சினாலே அறுந்துபோகும். மூன்றாவது, மனித டி.என்.ஏ.யின்மேல் படிந்திருக்கும் இரசாயன அடையாளங்கள். எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று கலம் அறிவது அவற்றால். வெறும் எழுத்து வரிசையோடு அவை வருவதில்லை.

பதவியின் நிபந்தனைகளில் கொரானாவின் சூரிச் காலத்திலிருந்து இப்போது மாற்றம் உண்டு. சம்பளமில்லாமல் இருப்பது அரிது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் முதலாண்டு போஸ்ட்டொக்குக்கு 2024இல் நிர்ணயித்த ஆண்டுத் தொகை 61,008 டொலர். இந்திய அரசின் தேசியப் பின்கலாநிதி உதவித்தொகை மாதம் 55,000 ரூபாயாக இருந்தது, இரண்டாண்டுக்கு. மொத்தத்தில் ஐந்து ஆண்டுக்குமேல் ஒருவரை இந்தப் பதவியில் வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தேசியக் கழகங்களின் அறிக்கை 2014இல் பரிந்துரைத்தது. மரபணுவின் அளவும் ஒப்பந்தத்தின் அளவும் எதிர்த் திசையில் போவதுதான் சிக்கல். 77 எழுத்தை முடிக்க வந்த போஸ்ட்டொக் அநேகமாக அது முடிந்ததைப் பார்த்துவிட்டே போனார். செயற்கை மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்கு வெல்கம் கொடுத்த பணம் ஐந்து ஆண்டுக்கு. போஸ்ட்டொக்கின் ஒப்பந்தம் வழக்கமாக அதற்கும் குறைவு. நிறமூர்த்தம் உருவாகி வரும் நாளில் அதன் முதல் துண்டுகளை ஒட்டியவர் வேறொரு நாட்டில், வேறொரு விசாவில், வேறொரு கேள்வியோடு இருப்பார்.